நெல் ஆலையின் பொறியியல் பிரிவுக்குச் செயல்முறை ஏடு எழுதுவது எப்படி?

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர் வட்டாரத்து நவீன நெல் ஆலை ஒன்றில் மெயின்டனன்ஸ் பொறுப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்களா? சேர்ந்த இரண்டாம் மாதமே மேலாளர் கூப்பிட்டு, "நம்ம டிபார்ட்மென்ட்டுக்கு எஸ்.ஓ.பி. எல்லாம் எழுதிக் குடுத்துடுங்க தம்பி" என்பார். ஒரு வேலையைப் படிப்படியாக எப்படிச் செய்வது என்று சொல்லும் செயல்முறை ஏட்டைத்தான் எஸ்.ஓ.பி. என்கிறார். அரிசி வாங்குபவர் கேட்டிருப்பார், ஐ.எஸ்.ஓ. தணிக்கை வரவிருக்கும், அல்லது யாருக்கோ விரல் போகாமல் தப்பியிருக்கும். உடனே இணையத்தில் கிடைத்ததை எடுத்து, கம்பெனிப் பெயரை மாற்றி, 200 பக்கம் அச்சிட்டு அலமாரியில் வைத்துவிடுவதுதான் பல இடங்களில் நடக்கிறது. இரவு 2 மணிக்கு, நெல்லைப் பக்கெட்டுகளில் மேலே ஏற்றும் எலிவேட்டர் அடைத்து நிற்கும்போது அந்த 200 பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை.

அந்த 2 மணிக்கு ஷிப்டில் நிற்கும் ஃபிட்டரை மனத்தில் வைத்துத்தான் கீழே உள்ள படிகளை எழுதியிருக்கிறோம். அவர் படித்து, படித்தபடி செய்து, கை கால் பத்திரமாக வீடு போய்ச் சேர வேண்டும். தணிக்கைக்காரருக்கும் அதே ஏடு போதும். தணிக்கைக்காரருக்கென்று எழுதிய ஏடு ஃபிட்டருக்கு உதவாது.

1. முதலில் காலண்டரைப் பாருங்கள்

ஆலை முழு மூச்சில் ஓடும்போது எழுத உட்காராதீர்கள். சம்பா, தாளடி அறுவடை ஜனவரியிலிருந்து மார்ச் வரை. அந்த மாதங்களில் ஃபிட்டர்களுக்கு உங்களோடு பேச நேரமே இருக்காது. ஏப்ரல் முதல் ஜூன் வரைதான் எழுதுவதற்கும், இயந்திரத்தைப் பிரித்துப் போட்டு அளப்பதற்கும் ஏற்ற காலம். ஆண்டு ஷட்டவுனும் பெரும்பாலும் அப்போதுதான். மேட்டூரில் வழக்கமான ஜூன் 12-ஆம் தேதி தண்ணீர் திறந்தால் செப்டம்பரில் குறுவை நெல் வரத் தொடங்கிவிடும்.

அதனால் இரண்டு கெடு வைத்துக்கொள்ளுங்கள். டிரையர், எலிவேட்டர், கன்வேயர் சம்பந்தப்பட்ட ஏடுகள் ஆகஸ்ட் கடைசிக்குள் முடிய வேண்டும். குறுவை நெல் மழையில் நனைந்து வரும், ஈர நெல்லும் வைக்கோல் துண்டும் சேர்ந்தால் எலிவேட்டர் அடைப்பு கூடும். வெள்ளம், மின்தடை, நனைந்த மோட்டார் சம்பந்தப்பட்டவை செப்டம்பர் 30-க்குள் முடிய வேண்டும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பிறகு அவற்றை எழுதிப் பயனில்லை.

சீசனில் எழுத வேண்டாமே தவிர, பார்க்கலாம். பாக்கெட்டில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டு, எந்த இயந்திரம் எத்தனை முறை நின்றது, யார் என்ன செய்து ஓட்டினார் என்று குறித்துக்கொண்டே வாருங்கள். ஏப்ரலில் அந்த நோட்டுதான் உங்களுக்கு முதல் ஆவணம்.

2. எதை எழுதுவது, எதை விடுவது

பிரேக்டவுன் பதிவேட்டின் கடைசி 12 மாதத்தை எடுத்து, ஒவ்வொரு வேலைக்கும் மூன்று கேள்வி கேளுங்கள். தவறாகச் செய்தால் ஆளுக்கு அடிபடுமா? தவறாகச் செய்தால் இயந்திரமோ அரிசியோ கெடுமா? இந்த ஷிப்ட் ஒரு மாதிரியும் அந்த ஷிப்ட் வேறு மாதிரியும் செய்கிறதா? முதல் கேள்விக்கு "ஆம்" என்றால் கட்டாயம் எழுதுங்கள். மற்ற இரண்டில் ஒன்றாவது "ஆம்" என்றால் அடுத்த வரிசையில் வையுங்கள். மூன்றுக்கும் "இல்லை" என்றால் விட்டுவிடுங்கள்.

நெல் ஆலையில் முதல் ஆண்டுக்குப் பத்து ஏடு போதும். எங்கள் வரிசை இது: மின் இணைப்பைத் துண்டித்துப் பூட்டுதல், ஊறல் தொட்டிக்குள்ளும் எலிவேட்டர் குழிக்குள்ளும் இறங்குதல், பாய்லரைத் தொடங்குவதும் நிறுத்துவதும், எலிவேட்டர் அடைப்பு நீக்குதல், வெல்டிங் போன்ற நெருப்பு வேலை, உயரத்தில் வேலை, ரப்பர் ரோல் மாற்றுதல், வி-பெல்ட் மாற்றுதல், நனைந்த மோட்டாரைத் திரும்ப ஓட்டுதல், ஜெனரேட்டருக்கு மாறுதல். உமித் தூசியும் தவிடும் பறக்கும் இடத்தில் வெல்டிங் பொறி விழுந்தால் என்ன ஆகும் என்பது அங்கே வேலை செய்பவர் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அந்த ஏடு பல ஆலைகளில் இல்லை.

ஸ்பேனர் பிடிப்பது எப்படி, கிரீஸ் கன் எப்படி அமுக்குவது என்றெல்லாம் எழுதாதீர்கள். ஐ.டி.ஐ. முடித்து வந்த ஃபிட்டர் அதைப் படித்தால், "இதையெல்லாம் எழுதியிருக்கிறான், மிச்சமும் இப்படித்தான் இருக்கும்" என்று மொத்த ஏட்டையும் ஒதுக்கிவிடுவார். எந்தப் பேரிங்குக்கு எத்தனை அமுக்கு, எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பதை மட்டும் எழுதுங்கள்.

3. எழுதும் முன் சேகரிக்க வேண்டிய ஆவணங்கள்

மேசையில் இவை இல்லாமல் ஒரு வரியும் எழுத வேண்டாம்:

- ஒவ்வொரு இயந்திரத்தின் மேனுவல். தொலைந்திருந்தால் இயந்திரத்தின் சீரியல் எண்ணைக் குறிப்பிட்டுத் தயாரிப்பாளரிடம் கேளுங்கள்.
- பெயர்த் தகடுகளின் போட்டோ. மோட்டார், கியர்பாக்ஸ், பம்ப், புளோயர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக.
- எம்.சி.சி. பேனலின் (மோட்டார்களுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பலகை) மின்வரைபடம். எந்த ஃபீடர் (மின் கிளை) எந்த மோட்டாருக்குப் போகிறது என்பதற்கு.
- பாய்லர் சான்றிதழ், கடைசி ஆய்வுக் குறிப்பு, சேஃப்டி வால்வு அமைப்பழுத்தம்.
- செயின் பிளாக், ஸ்லிங், ஹாய்ஸ்ட் ஆகியவற்றின் சோதனைச் சான்று.
- பிரேக்டவுன் பதிவேடு, ஸ்டோர் இருப்புப் பேரேடு.

இங்கே மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. தகட்டில் இருப்பதும் உள்ளே இருப்பதும் பல இடங்களில் ஒன்றல்ல. மோட்டார் எரிந்து வேறு மோட்டார் வைத்திருப்பார்கள், புல்லி மாறியிருக்கும், பேனலில் எழுதிய பெயர் பழைய இயந்திரத்துடையதாக இருக்கும். ஆகவே ஒவ்வொரு ஃபீடரையும் ஒரு முறை இறக்கிப் பார்த்து, எந்த இயந்திரம் நிற்கிறது என்று கண்ணால் உறுதிசெய்த பிறகுதான் அந்த ஃபீடர் எண்ணை ஏட்டில் எழுதலாம். இதற்கு ஷட்டவுன் நாளில் எலக்ட்ரீஷியனோடு ஒரு முழுநாள் ஒதுக்குங்கள்.

ஸ்பேர் பார்ட்டின் எண்ணை முழுதாக எழுதுங்கள். "பேரிங் மாற்றவும்" என்றால் ஸ்டோரில் எதைக் கேட்பது? "யு.சி.பி. 208" என்றால் 40 மி.மீ. ஷாஃப்டுக்கான பிளம்மர் பிளாக் (பேரிங்கும் அதைத் தாங்கும் கூடும்) என்று ஸ்டோர்காரருக்கே புரிந்துவிடும். "பி 75, 4 எண்ணம், ஒரே செட்" என்றால் 17 மி.மீ. அகலத்தில் 75 அங்குல பெல்ட் நான்கு. அந்த "ஒரே செட்" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். நான்கில் அறுந்த ஒன்றை மட்டும் மாற்றினால், நீண்டுபோன பழைய மூன்றும் தளர்ந்து நிற்க, புதியது ஒன்றே மொத்தச் சுமையையும் இழுத்துச் சீக்கிரம் அறுந்துபோகும்.

சட்டப் பிரிவு எண்களை ஏட்டின் உள்ளே எழுத வேண்டாம். அவற்றுக்குத் தனியாக ஒரு தாள் வைத்து, ஏட்டில் "சட்டத் தாள், வரி 4" என்று மட்டும் குறிப்பிடுங்கள். காரணம் இருக்கிறது. 1923-ஆம் ஆண்டுப் பாய்லர் சட்டத்தின் இடத்துக்கு 2025-இல் புதிய பாய்லர் சட்டம் வந்துவிட்டது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் இடத்துக்குப் பணிப் பாதுகாப்புத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பத்து ஏட்டிலும் பிரிவு எண்களைப் பரப்பி வைத்திருந்தால் பத்தையும் திருத்தி மறுபடி கையெழுத்து வாங்க வேண்டும். தனித்தாள் என்றால் ஒரு தாளோடு முடிந்துவிடும்.

4. இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று எழுதுங்கள்

ஏ.சி. அறையில் உட்கார்ந்து எழுதிய ஏட்டில் ஒரு தவறு நிச்சயம் இருக்கும்: வேலையின் வரிசை. ஒவ்வொரு வேலையையும் இரண்டு முறை, இரண்டு வெவ்வேறு ஷிப்டில், இரண்டு வெவ்வேறு ஆட்கள் செய்யும்போது பாருங்கள். முதல் முறை வாயைத் திறக்காதீர்கள். போனில் வீடியோ எடுக்க அவர்களிடம் ஒப்புதல் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாம் முறை ஒவ்வொரு அசைவுக்கும் "ஏன்?" என்று கேளுங்கள்.

மூத்த ஃபிட்டரிடம் "இதை எப்படிச் செய்வீங்க?" என்று கேட்டால் மேனுவலில் உள்ளதைத்தான் சொல்வார். "அண்ணே, புதுப் பையன் இதைச் செஞ்சா எந்த இடத்துல தப்பு பண்ணுவான்?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் பதில்தான் ஏட்டில் எச்சரிக்கையாகப் போக வேண்டிய வரி. அவர் பெயரையும் "தயாரித்தவர்" என்ற இடத்தில் உங்கள் பெயரோடு சேர்த்து எழுதுங்கள். அது அவருக்குச் சேர வேண்டிய மரியாதை. அதோடு, தன் பெயர் போட்ட ஏட்டை அவரே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்.

இரண்டு ஷிப்டும் வெவ்வேறு விதமாகச் செய்தால், எது சரி என்று நீங்களாகத் தீர்மானிக்காதீர்கள். இருவரையும் ஒரே நேரத்தில் இயந்திரத்தின் முன் நிறுத்திப் பேசவிடுங்கள். அரை மணி நேரம் பிடிக்கும், ஆனால் ஒரு முடிவு வரும்.

5. ஒரு ஏட்டின் உருவம்: ரப்பர் ரோல் மாற்றம்

ஒரு ஏடு ஒரே தாளின் இரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். தலைப்பில் ஏட்டின் எண், திருத்த எண், தேதி. அடுத்து எத்தனை ஆள், எவ்வளவு நேரம், என்ன கருவி, என்ன ஸ்பேர். பிறகு ஆபத்துகள், அதிகம் போனால் நான்கு வரி. பிறகு படிகள். கடைசியில் "முடிந்தது என்று எப்படித் தெரியும்" என்ற பகுதி. நோக்கம், வரம்பு, வரையறை என்று முதல் இரண்டு பக்கத்தை நிரப்பும் வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

நெல்லின் உமியை நீக்கும் ஷெல்லரில் ரப்பர் ரோல் மாற்றுவதை எடுத்துக்கொள்வோம். இரண்டு ரோல்களும் எதிரெதிராகச் சுற்றும். ஒன்று மற்றதைவிட சுமார் 25% வேகமாகச் சுற்றும், அந்த வேக வித்தியாசம்தான் உமியைப் பிரிக்கிறது. வேகமான ரோல்தான் சீக்கிரம் தேயும். பல ஏடுகளில் இந்த வேலைக்கு இருப்பது ஒரே வரி: "ரோல் தேய்ந்திருந்தால் மாற்றவும்." எவ்வளவு தேய்ந்தால்? எதால் அளப்பது? அந்த ஒரே வரி இப்படி விரிய வேண்டும்:

அ. ஹாப்பர் ஷட்டரை மூடு. உள்ளே இருக்கும் நெல் முழுதும் ஓடி முடியட்டும். முடிந்ததும் ரோல்கள் விலகிவிட்டனவா என்று பார். நெல் இல்லாமல் ஒன்றையொன்று தொட்டபடி ஓடினால் ரப்பர் சூடேறிப் பொசுங்கும்.

ஆ. மோட்டாரை நிறுத்து. எம்.சி.சி. பேனலில் ஃபீடர் எண் __ ஐசொலேட்டரை (மின் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இறக்கி, உன் பூட்டைப் போடு. இயந்திரத்தருகே வந்து ஸ்டார்ட் பட்டனை அமுக்கிப் பார். ஓடவில்லை என்றால்தான் அடுத்த படி.

இ. காற்றுக் குழாய் வால்வை மூடி, சிலிண்டரில் உள்ள காற்றை வெளியேற்று. கேஜ் முள் பூஜ்யத்துக்கு வர வேண்டும். (மின்சாரம் இல்லாவிட்டாலும் காற்றழுத்தம் ரோலைத் தள்ளும், விரல் நசுங்கும் இடம் இதுதான்.)

ஈ. கார்டை (பாதுகாப்பு மூடி) கழற்று. இரண்டு ரோல்களின் விட்டத்தையும் அளந்து, பதிவேட்டில் எழுது. ரப்பர் தடிப்பு மேனுவலில் உள்ள குறைந்தபட்ச அளவுக்கு மேல் இருந்து, வேகமான ரோல் மட்டும் தேய்ந்திருந்தால், இரண்டையும் இடம் மாற்றிப் போடு. குறைந்தபட்ச அளவை எட்டிவிட்டால் ஜோடியாக மாற்று.

உ. போல்ட்டுகளைக் குறுக்கு வரிசையில் தளர்த்து. ரோலை இரண்டு பேர் பிடித்து இறக்குங்கள். எடை __ கிலோ.

ஊ. ஃபிளாஞ்சின் (ரோல் வந்து உட்காரும் தட்டு) முகத்தைத் துணியால் சுத்தமாகத் துடை. தவிடோ உமித்துணுக்கோ ஒட்டியிருந்தால் ரோல் சாய்ந்து உட்கார்ந்து அதிரும். எண்ணெயோ கிரீஸோ ரப்பரில் படக் கூடாது.

எ. புது ரோலை ஏற்றி, போல்ட்டுகளைக் குறுக்கு வரிசையில் மேனுவலில் உள்ள டார்க்குக்கு (முறுக்கு விசை அளவு) இறுக்கு. கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார், எங்கும் உரசக் கூடாது.

ஏ. கருவிகளை எண்ணு. கார்டைப் போடு. பிறகுதான் பூட்டை எடு.

ஐ. ரோல்கள் விலகிய நிலையில் வெறுமனே ஓட்டிச் சத்தம் கேள். சரியென்றால் நெல்லைக் குறைவாக விட்டு, வெளியே வருவதிலிருந்து கண்ணை மூடி ஒரு பிடி எடுத்து, 100 மணி எண்ணு. அதில் எத்தனை உமி நீங்கியிருக்கிறது என்பது லேப் கொடுத்த இலக்கோடு ஒத்துப்போனால் வேலை முடிந்தது.

கோடிட்ட இடங்களை உங்கள் ஆலையில் நீங்களே நிரப்ப வேண்டும். எடையை யாரிடமும் கேட்காதீர்கள், ரோலைத் தராசில் வைத்து எழுதுங்கள். வரிகள் எல்லாம் "செய்" என்று முடிவதைக் கவனியுங்கள். "செய்யப்பட வேண்டும்" என்று எழுதினால் யார் செய்வது என்று தெரியாது, ஆளாளுக்கு மற்றவர் செய்வார் என்று நினைத்துக்கொள்வார்கள். காரணத்தை எல்லா வரியிலும் எழுத வேண்டியதில்லை. ஆள் தாவிச் செல்ல ஆசைப்படும் வரியில் மட்டும் எழுதுங்கள். ஃபிளாஞ்சைத் துடைப்பது அப்படிப்பட்ட வரி.

6. மின் இணைப்பைத் துண்டிக்கும் ஏட்டை முதலில் எழுதுங்கள்

மற்ற எல்லா ஏடுகளும் இதைத்தான் நம்பி நிற்கின்றன. நான்கு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன.

ஒன்று, ஸ்டாப் பட்டனை அமுக்கியதைத் துண்டித்ததாக எண்ணுவது. பட்டன் கன்ட்ரோல் சர்க்யூட்டை மட்டும்தான் நிறுத்தும். தானியங்கி வரிசையில் ஓடும் ஆலையில், கன்ட்ரோல் அறையில் இருப்பவர் வரிசையைத் தொடங்கினால் இயந்திரம் உங்கள் கையோடு ஓடும்.

இரண்டு, "கரண்ட் போயிருக்கு, அதுக்குள்ள பாத்துடலாம்" என்று கையை உள்ளே விடுவது. நம் பக்கம் மழைக்காலத்தில் இது தினசரி ஆசை. ஜெனரேட்டர் தானாக ஏறும், அல்லது வாரியத்துக் கரண்ட் எந்த நொடியிலும் வரும். மின்தடை நேரத்திலும் ஐசொலேட்டரை இறக்கிப் பூட்டு போட்டாக வேண்டும் என்று தடித்த எழுத்தில் எழுதுங்கள்.

மூன்று, ஒரே பூட்டை மூன்று பேர் நம்புவது. ஆளுக்கொரு பூட்டு, ஆளுக்கொரு சாவி, சாவி அவரவர் சட்டைப்பையில். பல பூட்டு மாட்டும் ஹாஸ்ப் வாங்கிவிடுங்கள். ஷிப்ட் மாறும்போது புதிய ஆள் தன் பூட்டைப் போட்ட பிறகுதான் பழைய ஆள் தன்னுடையதை எடுக்க வேண்டும். ஒருவர் பூட்டைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டால்? யார் அனுமதியோடு, அவரிடம் போனில் பேசிய பிறகு, எந்தப் பதிவேட்டில் எழுதி அறுப்பது என்பதை ஏட்டிலேயே சொல்லிவிடுங்கள். இதை எழுதாத ஆலையில் ஒரே மாதத்தில் எல்லாச் சாவிக்கும் ஒரு நகல் சூப்பர்வைசர் மேசையில் இருக்கும். அதன் பிறகு பூட்டுக்கே அர்த்தமில்லை.

நான்கு, மின்சாரம் அல்லாத ஆற்றலை மறப்பது. எலிவேட்டர் அடைத்து நிற்கும்போது ஒரு பக்கத்து பக்கெட்டெல்லாம் நெல் நிறைந்திருக்கும், மறுபக்கம் காலி. அடைப்பை நீக்கியதும் பின்சுழற்சித் தடுப்பு சரியில்லை என்றால் பெல்ட் தானாகப் பின்னால் ஓடும். ஆகவே அடைப்பில் கை வைக்கும் முன் தலைப்புல்லியைக் கட்டைவைத்து நிறுத்துவது ஒரு படி. மோட்டாரின் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. டிரைவில் மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் கப்பாசிட்டரில் மின்னழுத்தம் நிற்கும். எத்தனை நிமிடம் காத்திருப்பது என்பது அதன் மூடியிலேயே அச்சிட்டிருக்கும், அந்த எண்ணை ஏட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

7. குழி, தொட்டி, நெல் சேமிப்புப் பின்: அனுமதிச் சீட்டு இல்லாமல் இறங்கக் கூடாது

டெல்டாவில் நிலத்தடி நீர் மட்டம் உயரம். எலிவேட்டர் குழியில் ஊற்று நீர் நிற்கும், அதில் நெல்லும் தவிடும் விழுந்து அழுகும். ஊறல் தொட்டியின் அடியிலும் இதே கதைதான். அழுகும்போது உண்டாகும் கரியமில வாயுவும் ஹைட்ரஜன் சல்பைடும் காற்றைவிடக் கனமானவை, அடியில் தங்கும். மேலே மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு "நாத்தம் இல்ல" என்று இறங்குபவர் அடியில் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இன்னொருவர் குதிப்பார். இரண்டாமவரும் போய்ச் சேர்வது இப்படித்தான்.

ஏட்டில் இருக்க வேண்டிய எண்கள்: ஆக்சிஜன் 19.5%-க்குக் குறைவாகவோ 23.5%-க்கு மேலோ இருந்தால் இறங்கக் கூடாது. எரியக்கூடிய வாயு, அதன் குறைந்தபட்ச வெடிப்பு வரம்பில் 10%-க்குக் கீழ் இருக்க வேண்டும். மீட்டரைக் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி மூன்று இடத்திலும் அளக்க வேண்டும். புளோயர் வைத்துக் காற்று ஊதிய பிறகு மறுபடி அளக்க வேண்டும். கைவிளக்கு 24 வோல்ட்டுக்கு மேல் கூடாது. இறங்குபவருக்கு ஹார்னஸ், மேலே டிரைபாடும் கயிறும், மேலே நிற்பவருக்கு ஒரே வேலை: பார்த்துக்கொண்டே இருப்பது. அவர் டீ வாங்கப் போகக் கூடாது, என்ன நடந்தாலும் உள்ளே இறங்கவும் கூடாது. இந்த இரண்டையும் தனி வரியாக எழுதுங்கள்.

நெல் சேமிக்கும் பின்னுக்குள் ஆபத்து வேறு மாதிரி. மேலே கட்டிதட்டி நிற்கும் நெல்லின் மீது ஏறினால் அடியில் இருக்கும் வெற்றிடம் உடைந்து ஆளை உள்ளே இழுக்கும். கீழ் ஷட்டரைப் பூட்டாமல் யாரும் உள்ளே போகக் கூடாது.

அனுமதிச் சீட்டு ஒரு ஷிப்டுக்கு மட்டும் செல்லும். காலையில் வாங்கிய சீட்டில் இரவு வேலை செய்யக் கூடாது.

8. மற்ற ஆலையின் ஏட்டை அப்படியே எடுத்தால்

கம்பெனிக்கு இரண்டு ஆலை இருந்தால் ஒன்றுக்கு எழுதியதை இன்னொன்றுக்கு நகல் எடுக்கச் சொல்வார்கள். பாய்லர் ஏட்டில் மட்டும் இது உறுதியாகத் தவறாகும். தஞ்சாவூர் ஆற்றுப் பாசனப் பகுதிப் போர்வெல் தண்ணீரும் நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்துத் தண்ணீரும் ஒன்றா? கடலோரத்தில் உப்பு கூடுதல். தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்டனர் கடினத்தன்மையைத்தான் எடுக்கும், மொத்த உப்பைக் குறைக்காது. அங்கே பாய்லரின் உள்ளே உப்பு சீக்கிரம் ஏறும், புளோடவுன் (உப்பேறிய பாய்லர் நீரைத் திறந்து வெளியேற்றுவது) அடிக்கடி தேவைப்படும். ஆகவே "ஷிப்டுக்கு ஒரு முறை புளோடவுன்" என்று எழுதாதீர்கள். டி.டி.எஸ். (கரைந்த மொத்த உப்பு) மீட்டரில் எவ்வளவு காட்டினால் எத்தனை நொடி திறப்பது என்று உங்கள் பாய்லர் தயாரிப்பாளர் கொடுத்த வரம்பை வைத்து எழுதுங்கள்.

நனைந்த மோட்டார் ஏட்டிலும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. 500 வோல்ட் மெக்கரில் (மின்காப்பை அளக்கும் கருவி) 1 மெகாஓமுக்குக் குறைவாகக் காட்டினால் ஓட்டக் கூடாது, காயவைத்து மறுபடி அளக்க வேண்டும். ஆனால் அளக்கும் முன் மோட்டாரை வி.எஃப்.டி.யிலிருந்து கழற்ற வேண்டும் என்ற வரி விட்டுப்போனால், மெக்கர் வோல்ட்டேஜ் டிரைவுக்குள் போய் அதைக் கெடுத்துவிடும். ஒரு வரி விட்டதற்கு ஒரு டிரைவ் விலை.

9. சொல், எழுத்துரு, படம்

ஒரே இயந்திரத்தை ஒருவர் ஷெல்லர் என்பார், ஒருவர் ஹஸ்க்கர் என்பார். பேனலில் எழுதியிருக்கும் பெயரையே ஏடு முழுதும் பயன்படுத்துங்கள். பேச்சில் புழங்காத கலைச்சொல்லைத் தேடிப்பிடிக்க வேண்டாம். "சுழல் உருளை உமி நீக்கி" என்று எழுதினால் யாருக்கும் விளங்காது.

தமிழில் தட்டும்போது யூனிகோடு மட்டும். பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு வேறு கணினியில் திறந்தால் குறியீடுகளாகச் சிதறும். மூன்று ஆண்டு கழித்துத் திருத்த எடுக்கும்போதுதான் இது தெரியவரும், அப்போது முழுதையும் மறுபடி தட்ட வேண்டியிருக்கும்.

வடமாநிலத் தொழிலாளர்கள் இருக்கும் ஆலையில் தமிழ் ஏடு மட்டும் போதாது. ஆபத்து வரிகளையும் பூட்டு போடும் படிகளையும் இந்தியில் எழுதி ஒட்டுங்கள். மிச்சத்துக்குப் போட்டோ போதும். போட்டோவில் கை எங்கே இருக்க வேண்டும் என்று தெரிய வேண்டும், முழு இயந்திரமும் தெரிய வேண்டியதில்லை.

10. சோதனை

எழுதி முடித்ததும் அந்த வேலையை இதுவரை செய்யாத ஒருவரிடம் ஏட்டைக் கொடுங்கள். மூத்த ஃபிட்டர் பக்கத்தில் நிற்கட்டும், ஆபத்து வந்தால் மட்டும் தடுக்கட்டும். நீங்கள் ஓரமாக நின்று, அவர் எந்த வரியில் நின்று யோசிக்கிறார், எந்த வரியை இரண்டு முறை படிக்கிறார், எதைத் தாண்டிப் போகிறார் என்று குறியுங்கள். ஒவ்வொரு குறிப்பும் திருத்த வேண்டிய வரி. அவர் கேட்ட கேள்விக்கு வாயால் பதில் சொல்லிவிட்டு விட்டுவிடாதீர்கள், அந்தப் பதில் ஏட்டுக்குள் போக வேண்டும். இந்தச் சோதனை இல்லாமல் மேலாளரிடம் கையெழுத்துக்கு அனுப்ப வேண்டாம்.

11. எண், கையெழுத்து, வைக்கும் இடம்

எண் எளிமையாக இருக்கட்டும்: "மெக்-07, திருத்தம் 2". கையெழுத்து மூன்று போதும்: தயாரித்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர். ஆறு கையெழுத்து வைத்தால் ஒவ்வொரு திருத்தமும் ஒரு மாதம் இழுக்கும். இழுப்பதால் யாரும் திருத்தமாட்டார்கள்.

லேமினேட் செய்த ஒரு பிரதி இயந்திரத்தருகே தொங்க வேண்டும். பாய்லர் அருகிலும் டிரையர் அருகிலும் சூட்டில் லேமினேஷன் சுருளும், அங்கே சற்றுத் தள்ளித் தூணில் ஆணியடித்து மாட்டுங்கள். யாரிடம் எந்தப் பிரதி என்ற பட்டியல் கட்டாயம். திருத்தம் வெளிவந்த அன்றே பழைய பிரதிகளைத் திரும்ப வாங்கிக் கிழிக்க வேண்டும். தணிக்கையில் பல ஆலைகள் மாட்டுவது இங்கேதான்: அலமாரியில் திருத்தம் 3, இயந்திரத்தில் திருத்தம் 1.

12. செலவும் நாளும்

ஒரு ஏட்டுக்கு, இரண்டு முறை பார்க்க 3 மணி நேரம், எழுத 4 மணி நேரம், சோதனைக்கு அரை ஷிப்ட், திருத்த 2 மணி நேரம் என்று கணக்கு வையுங்கள். பொறியாளரின் நேரத்தில் இரண்டு வேலைநாள். ஆனால் ஷிப்டும் வேலையும் ஒத்துவர ஒரு வாரம் பத்து நாள் ஆகிவிடும். பத்து ஏட்டுக்கு மூன்று மாதம் கேளுங்கள். "ஒரு வாரத்துல முடிச்சுடுங்க" என்றால் பூட்டு ஏட்டையும் குழி ஏட்டையும் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்.

அச்சும் லேமினேஷனும் சொற்பச் செலவு. பூட்டு, ஹாஸ்ப், டேக் ஆகியவற்றுக்கு ஆளுக்குச் சில நூறு ரூபாய் ஒதுக்குங்கள். காஸ் மீட்டர், ஹார்னஸ், டிரைபாடுதான் பெரிய செலவு. இவற்றுக்கான கொள்முதல் கோரிக்கையை ஏடு எழுதத் தொடங்கும் முன்பே அனுப்பிவிடுங்கள். மீட்டர் வந்து சேராமல் "ஆக்சிஜன் அளக்கவும்" என்ற ஏட்டில் கையெழுத்து வாங்கினால், முதல் நாளிலிருந்தே அந்த வரியை மீறித்தான் வேலை நடக்கும். ஒரு வரியை மீறிப் பழகிய கைக்கு மற்ற வரிகளும் பொருட்டில்லை. மீட்டரின் அளவுத்திருத்தத் தேதியையும் காலண்டரில் குறித்துவையுங்கள்.

13. எப்போது திருத்துவது

ஆண்டுக்கொரு முறை, ஏப்ரலில், எல்லா ஏட்டையும் எடுத்துப் படிக்க வேண்டும். அதற்கு இடையில் மூன்று நேரத்தில் உடனே திருத்துங்கள்: இயந்திரமோ மோட்டாரோ மாறினால், ஏட்டின்படி செய்தும் விபத்தோ பிரேக்டவுனோ நடந்தால், ஃபிட்டர் ஏட்டில் பேனாவால் ஏதாவது எழுதியிருந்தால். லேமினேட் தாளின் மேல் மார்க்கரில் "இது இல்ல, 3-வது வால்வு" என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் யார் எழுதியது என்று விசாரித்துத் திட்டாதீர்கள். அன்றே போய் அந்த வால்வைப் பாருங்கள், சரியாக இருந்தால் திருத்த எண்ணைக் கூட்டிப் புதுத் தாளை மாட்டுங்கள், எழுதியவர் பெயரையும் தயாரித்தவர் வரியில் சேர்த்துவிடுங்கள்.